சிங்னேயின் சுருதியும் என் வீட்டுக்காரரின் இங்கிலீஷும்

ஒருத்தியின் பிழைப்பைக் கெடுக்கக் கெட்டவன்தான் வரவேண்டும் என்பதில்லை. என் வீட்டுக்காரரைப் போல நாலு பேர் மெச்சும் நல்லவர் ஒருவர் போதும். இதை எழுத எனக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதத்தான் போகிறேன். சிங்னே ஹெட்லுண்ட் என்ற ஸ்வீடன்காரியைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அவள் குரலில் ஓர் இசைத்தட்டுகூட இந்த உலகத்தில் கிடையாது. அது கிடைக்காமல் போன காரணம் தினமும் என் எதிரே உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நாங்கள் ஜெர்மனியில் வுப்பர்டால் என்ற ஊருக்கு வந்தது 1964 கடைசியில். வீட்டுக்காரர் பெயர் சந்திரமௌலி. ஒலியை அளக்கிற ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்தவர். நான் நாகலட்சுமி, அவர் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள். மூன்றாம் மாடியில் எங்களுக்கு ஒன்றரை அறை. நாலாம் மாடியில், கூரைச் சரிவுக்குக் கீழே, சிங்னே. அவள் அறைக்குப் பக்கத்தில்தான் கட்டடத்துக்கே பொதுவான துணி உலர்த்தும் இடம். முதல் வாரம், தண்ணீர் சொட்டும் ஆறு கஜத்தை வைத்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டு நின்றபோது, என்னைவிட ஒரு முழம் உயரமான வெள்ளைக்காரி ஒருத்தி வந்து, ஒன்றும் கேட்காமல் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள்.

"இது உடுப்பா, கப்பல் பாயா?" என்று ஜெர்மனில் கேட்டாள். எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. ஆனாலும் சிரித்துவிட்டேன். அந்த ஊரில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவள் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'சிக்னே' என்று வரும், சொல்வது சிங்னே. என் வீட்டுக்காரர் கடைசிவரை 'மிஸ் சிக்னல்' என்றுதான் சொன்னார். பெரிய ஹாஸ்யம் என்று நினைப்பு. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், நான் சிரிக்கிறேனா என்று.

வட ஸ்வீடனில், மரம் அறுக்கும் ஆலையைத் தவிர ஒன்றும் இல்லாத ஊரில் பிறந்தவள் அவள். 1931. அந்தக் காலத்து ஸ்வீடன் பள்ளிக்கூடத்தில் முதல் அந்நிய பாஷை ஜெர்மன்தானாம். இங்கிலீஷ் பிறகுதான், அதுவும் பேருக்கு. ஸ்டாக்ஹோமில் பாட்டுப் படித்துவிட்டு, இங்கே ஓபரா ஒன்றில் கோஷ்டிப் பாடகியாகச் சேர வந்தாள். இரண்டே வருஷம். அவள் குரலில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அது அப்படியே நிற்கும், துளி நடுங்காது. கோஷ்டியைப் பழக்கியவனுக்கு அது பிடிக்கவில்லை. "குரலை ஆட்டு, ஆட்டு, பிணம் மாதிரி நிற்காதே" என்று எல்லார் முன்னாலும் கத்துவானாம். ஒரு நாள் அவள் வயிற்றில் கையை வைத்து அவனே உலுக்கிக் காட்டினானாம். மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. எனக்குத்தான் அந்தக் கையை நினைத்து உடம்பெல்லாம் கூசியது.

நான் மாயவரத்தில் வர்ணம் வரை பாடம் பண்ணியவள். கச்சேரி பண்ணும் ஆளில்லை, ஆனால் சுருதி சேர்ந்ததா சேரவில்லையா என்று தெரியும். எங்கள் பாட்டிலும் ஸ்வரம் அசையத்தான் செய்யும். ஆனால் அசைய வேண்டிய இடத்தில் அசையும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். அந்த ஓபரா அம்மாள்களின் ஆட்டம் குளிர் ஜுரம் வந்தவன் கை மாதிரி, சதா ஆடிக்கொண்டே இருக்கும். சிங்னே மேலே சாதகம் பண்ணும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன். இவ்வளவு சுத்தமான பஞ்சமத்தை நான் ஊரிலேயே கேட்டதில்லை.

முன்னூறு, நானூறு வருஷத்துப் பழைய பாட்டுகளுக்குத்தான் அந்தக் குரல் பொருந்தும் என்று கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர். காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கிற பழைய காலத்து வாத்தியம் ஒன்றை அவர் வாசிப்பார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பியானோவுக்கு முந்தின காலத்து ஹார்ப்சிகார்ட் வாசிப்பார். புதன்கிழமை மத்தியானம் டாக்டர்களுக்கு லீவு, ஆகவே டாக்டர் வீட்டில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒத்திகை. நானும் போய் ஓரத்து நாற்காலியில் உட்காருவேன். கிராம்பு எண்ணெய் வாசனையில் அவள் பாடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம், நடுவில் கல்யாணம், சாவு என்று யாராவது கூப்பிட்டால் போவாள். காலையில் பொத்தான் விற்கும் கடை ஒன்றில் அரை நாள் வேலை. அப்படித்தான் நாலு வருஷம் ஓடியது. குறைப்பட்டு ஒரு வார்த்தை அவள் சொல்லிக் கேட்டதில்லை.

1968-ல் லண்டனிலிருந்து ஓர் இசைத்தட்டு நிறுவனத்து ஆள் வந்தார். தேவாலயத்தில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, பழைய பாட்டுகளாக ஆறு இசைத்தட்டு போடலாம், மேலிடத்தில் பேசி ஒப்பந்தம் அனுப்புகிறேன் என்றார். அன்றைக்கு அவள் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்து என் கதவைத் தட்டியதை மறக்கவே முடியாது. முப்பத்தேழு வயது. "நாகா, ஆறு!" என்றாள். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. இரண்டு கையாலும் விரலை விரித்து ஆறு காட்டினாள்.

அந்தச் சமயத்தில்தானா என் வீட்டுக்காரரின் ப்ரொஃபசருக்குப் பாடகர்களின் குரலை அளக்கிற ஆசை வரவேண்டும்! டீக்மன் என்று பெயர். ஓபராக்காரர்கள் பதினோரு பேரை அளந்தாயிற்று, ஆடாத குரல் ஒன்று வேண்டுமாம். "மிஸ் சிக்னல் இருக்காளே" என்று இவர் போய்ச் சொன்னார். அவளும் நமக்குத் தெரிந்தவர் கேட்கிறாரே என்று ஒரு நாள் முழுவதும் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பாடிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் இவர் ஒரு காகிதச் சுருளோடு வந்தார். தட்டை நகர்த்திவிட்டு மேஜையில் விரித்தார். மற்றவர்களுடைய கோடெல்லாம் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கின. அவளுடைய கோடு மட்டும் அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி இருந்தது.

"பாரு நாகு, ஃப்ளாட்! டெட் ஃப்ளாட்! இந்த மாதிரி ஒரு கர்வை நான் லைஃப்ல பாத்ததில்லை. சுருதியும் ஒரு மயிரிழை பிசகலை!" என்று குதித்தார்.

அது நிஜமான சந்தோஷம்தான். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். எஞ்சினீயருக்கு ஃப்ளாட் என்றால் ஏற்றமும் இறக்கமும் இல்லாத நேர்கோடு, அதைவிடப் பெரிய பாராட்டு அவர்கள் அகராதியில் இல்லை. ஜெர்மனில் எழுதிய அறிக்கையில் 'நேரான குரல்' என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். அது ப்ரொஃபசரின் மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டது. வெளியூர்ப் பத்திரிகைக்கு இங்கிலீஷில் எழுத வேண்டும், அந்தக் கூடத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் இந்தியாக்காரர் ஒருவர்தான். இவர் எழுதினார். 'பாடகி எச். கன்சிஸ்டன்ட்லி ஃப்ளாட்டாகப் பாடுவது குறிப்பிடத்தக்கது' என்று எழுதினார். எப்போதுமே ஃப்ளாட்டாகப் பாடுகிறாள்!

இங்கிலீஷ்காரப் பாட்டுக்காரனிடம் போய் ஒருத்தி ஃப்ளாட்டாகப் பாடுகிறாள் என்றால், சுருதியைவிட இறங்கிப் பாடுகிறாள் என்று அர்த்தம். பாடகியைப் பற்றி அதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. இவர் பிறந்தது தஞ்சாவூர் ஜில்லா. கச்சேரிக்குக் கூப்பிட்டால் தூங்குகிற ஜன்மம். இவருக்கு எங்கே அது தெரியும்?

கட்டுரை 1969 ஏப்ரலில் அச்சாகி வந்தது. பெருமையோடு இரண்டு பிரதியை அவளிடம் கொடுத்து, "சர்டிஃபிகேட் மாதிரி வெச்சுக்கோங்க" என்று ஜெர்மனில் சொன்னார். பாவம், அவள் அதை நிஜமாகவே சர்டிஃபிகேட் என்று நம்பினாள். ஒப்பந்தம் இன்னும் வந்திருக்கவில்லை, அதனால் ஒரு பிரதியை உறையில் போட்டு லண்டனுக்கு அனுப்பிவிட்டாள். தபால்பெட்டி வரை நானும் கூடப் போனேன்.

ஜூனில் பதில் வந்தது. இங்கிலீஷ் கடிதம். அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ஹெர் சந்திரமௌலி, இதை எனக்கு ஜெர்மன்ல சொல்லுங்க. எனக்குப் புரிஞ்சது தப்பாத்தான் இருக்கணும்."

இவர் வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவருடைய காது இரண்டும் சிவந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம், அந்தச் சிவப்பு எதற்கு வரும் என்று எனக்குத் தெரியும். இப்போது சொல்லிவிடுவார், 'ஐயோ, நான் போட்ட வார்த்தை தப்பு' என்று தலையில் அடித்துக்கொள்வார் என்று நின்றேன்.

"அவங்க ரொம்ப வருத்தப்படறாங்க," என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உங்க சுருதி கொஞ்சம் இறங்கியிருக்குன்னு அளவு காட்டுதாம். அதனால இப்போதைக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்களாம்."

"இறங்கியா இருக்கு?"

"ரொம்பக் கொஞ்சம். மனுஷக் காதுக்குத் தெரியாது. மெஷினுக்குத்தான் தெரியும்."

சிங்னே கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். "மெஷின் பொய் சொல்லாது" என்றாள். நான் கொடுத்திருந்த காபிக் கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு மாடி ஏறிப் போனாள்.

கதவு சாத்தியதும் பிடித்துக்கொண்டேன். "ஏன்னா, மெஷின் அப்படியா சொல்லித்து? ஒரு மயிரிழை பிசகலைன்னு நீங்கதானே குதிச்சேள்?"

முதலில் மென்று விழுங்கினார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. லண்டன்காரர்கள் அந்த ஒரு வார்த்தையைத்தான் கோடு போட்டு எடுத்துக் காட்டியிருந்தார்கள். அதைப் படித்த பிறகுதான் அதற்கு அப்படி ஓர் அர்த்தம் இருப்பதே இவருக்குத் தெரிந்ததாம்.

"அப்போ திருத்தம் போடுங்கோ. ஒரு வரி. லண்டனுக்கு ஒரு லெட்டர். அவ்வளவுதானே?"

"நோக்குப் புரியலை நாகு. பேப்பர்ல ப்ரொஃபசர் பேர் முதல்ல இருக்கு. லேபரட்டரியே சிரிப்பா சிரிச்சுடும். செப்டம்பர்ல தீஸிஸ். அவர் கையெழுத்துப் போடலேன்னா நம்ம ரெண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தீஸிஸ் முடியட்டும், நானே சொல்லிடறேன். ப்ராமிஸ்."

அவரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு வாயில்லை. நானும் சரி என்றேன். மூன்று மாசம்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஊருக்குத் திரும்பினால் மாமியார் வீட்டுக் கூடத்தில் போய் நிற்க வேண்டும், அதுவும் மனசில் ஓடியது. அசிங்கம்தான். வேறு என்ன பெயர் சொல்வது?

செப்டம்பரில் தீஸிஸ் முடிந்தது. பிறகு அதே கூடத்தில் வேலை, அது நிரந்தரமாகட்டும் என்றார். நிரந்தரமானது. பிறகு, "இப்போ போய் சொன்னா இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேக்கமாட்டாளா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு ஒவ்வொரு வருஷமும் அந்தக் கேள்வியைப் பெரிசாக்கிக்கொண்டே போனோம். புதுப் பதவிக்கு ஸ்வீட் பண்ணி ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். மாடிக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினேன்.

மாடியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். தட்டினால் ஒரே ஸ்வரத்தில் ஒலிக்கிற இசைக்கவை ஒன்றைச் சுருதி பார்க்க வாங்கிவந்தாள். அதைத் தட்டிக் காதெலும்பில் வைத்து அழுத்திக்கொள்வாள். பிறகு அதே ஸ்வரத்தைப் பாடுவாள். சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவள் நம்பமாட்டாள். மெஷினுக்குத் தெரிகிற இறக்கம் தன் காதுக்குத் தெரியவில்லை என்று நினைத்து, குரலைக் கொஞ்சம் மேலே தள்ளுவாள். இன்னும் கொஞ்சம். சரியான இடத்தில் இருந்த ஸ்வரத்தைக் கழுத்தைப் பிடித்து மேலே தள்ளினாள். ஒரு வருஷத்துக்குள் அவள் சுருதி ஏறிவிட்டது. கீழே ரசம் கொதித்துக்கொண்டிருக்கும், எனக்குப் பல் கூசும். கரண்டியை வைத்துவிட்டுக் கேட்ட காலம் போய், ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தேன்.

1970-ல், துணி உலர்த்தும் இடத்தில், அவளே ஒரு நாள் கேட்டாள். "நாகா, நீ பாட்டுப் படிச்சவ. மறைக்காம சொல்லு. நான் இன்னும் இறங்கித்தான் பாடறேனா?"

ஏறிப் பாடுகிறாய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, 'அப்போ மெஷின்?' என்று வரும். கிளிப்பை ஒவ்வொன்றாகக் கொடியில் மாட்டிக்கொண்டே, "நன்றாகத்தான் இருக்கிறது" என்றேன். உப்பில்லாத கூட்டைச் சாப்பிட்டுவிட்டு விருந்தாளி சொல்கிற மாதிரி.

அவள் என்னை நம்பினாள். 

ஞாயிற்றுக்கிழமைகள் குறைந்தன. தேவாலயத்தில் வேறு பெண்ணை வைத்துக்கொண்டார்கள். 1972-ல் பல் டாக்டர், "சிங்னே, நீ மேல போனா என் நோயாளிங்க சத்தம் போடற மாதிரி இருக்கு" என்று ஜோக் அடித்து அவளை நிறுத்தினார். அதற்குள் பழைய பாட்டு நாகரிகமாகிவிட்டிருந்தது. எந்தக் கடைக்குப் போனாலும் அந்த மாதிரி இசைத்தட்டு, அட்டையில் கூந்தலை விரித்துப்போட்ட சின்னப் பெண்கள், எல்லாம் ஆடாத குரல். பத்து வருஷம் முன்னால் பிணம் என்று திட்டியவர்கள் இப்போது தெய்வீகம் என்று எழுதினார்கள். பல் டாக்டர் கோஷ்டிக்கே ஒரு தட்டு வந்தது, வேறு ஒருத்தி பாடி. எனக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தார். வாங்கிவந்து குப்பையில் போட்டேன்.

கடைசியாக அவள் பாடியது 1973-ல், பொத்தான் கடைக்காரருடைய அம்மாவைத் தகனம் பண்ணிய இடத்தில். நான் போயிருந்தேன். மேல் ஸ்வரத்துக்குப் போனபோது முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்து உதட்டைச் சுழித்தார்கள். பாடிக்கொண்டே அவள் அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு மாடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கடையில் முழு நாள் வேலை எடுத்துக்கொண்டாள்.

1975 வசந்தத்தில் டீக்மன் ஓய்வு பெற்றார். அவருடைய கட்டுரைகளையெல்லாம் சேர்த்துத் தடியாக ஒரு புத்தகம் போட்டார்கள். அச்சுப்பிழை பார்த்தது என் வீட்டுக்காரர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் புத்தகத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாகு, பெரிய பாரம் எறங்கித்து. பழைய பேப்பர்ல அந்த ஃப்ளாட்டை எடுத்துட்டு ஸ்ட்ரெய்ட்னு போட்டுட்டேன். சைலன்ட்டா. ஒருத்தரும் நோட்டீஸ் பண்ணமாட்டா."

"ப்ரொஃபசர்?"

"அவரேதான் மாத்தச் சொன்னார். அறுபத்தொம்பதிலேயே அவர்ட்ட சொல்லிட்டேனே."

 அவரிடம் சொல்லியாயிற்று, அதுவும் அப்போதே. "சிங்னேகிட்ட?" என்றேன்.

"அவதான் இப்போ பாடறதே இல்லையே. அவளுக்கு எதுக்கு?"

சீ! பதினோரு வருஷம் இந்த மனுஷனுக்கு வெளிநாட்டில் தயிர் தோய்த்துப் போட்டிருக்கிறேன். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு மாடி ஏறினேன். "நாகு, நில்லு, என்ன பண்ணப்போறே?" என்று பின்னாலேயே வந்தவர், பாதிப் படியில் நின்றுவிட்டார். அதற்கு மேல் வர அவருக்குக் கால் வரவில்லை.

சிங்னே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. புத்தகத்தைப் பிரித்து வைத்து, பழைய வார்த்தை, புது வார்த்தை, லண்டன் கடிதம், இவர் ஜெர்மனில் சொன்ன பொய், மெஷின் நிஜமாகச் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டினேன். "உன் சுருதி சரியாக இருந்தது, சிங்னே. ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. அதைத்தான் அந்த மெஷின் சொன்னது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். பாடப்போகிறாள் என்று நினைத்தேன். கழுத்து எழும்பியது, மூச்சு உள்ளே போனது. ஒன்றும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

"எங்க இருக்குன்னு தெரியலை, நாகா. மேல தள்ளித் தள்ளி இப்போ அந்த ஸ்வரம் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலை."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"நீ எப்போ தெரிஞ்சுகிட்டே?"

"அன்றைக்கே. நீ மாடி ஏறின அஞ்சு நிமிஷத்துல."

அவள் ரொட்டித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "உன் புருஷன் மேல எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் காது கிடையாது. என் பாட்டு நல்லா இருந்ததும் அவருக்குத் தெரியாது, கெட்டுப்போனதும் தெரியாது. நீ ரெண்டையும் கேட்டுக்கிட்டே கீழே சமைச்சிருக்கே." எழுந்து எனக்காகக் கதவைத் திறந்து வைத்தாள்.

படியிறங்கி வந்தேன். இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், காது இரண்டும் சிவந்து. "என்ன சொன்னா? என்மேல ரொம்பக் கோபமா?"

"உங்க மேல கோபம் இல்லையாம்."

"அப்பாடா!" என்று சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

அவள் சொன்ன மீதியை நான் அவரிடம் சொல்லவில்லை. அடுப்பை ஏற்றி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.